பாண்டிக்கு எழுதிய சீட்டுகள்

அண்ணாமலை நகரில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை படிக்கும் மருத்துவர்களுக்கும், பயிற்சிக்காகக் கடலூர் தலைமை மருத்துவமனைக்கு வந்துபோகும் அவர்களுடைய தோழர்களுக்கும்,

இன்னும் ஓரிரு ஆண்டுகளில் நீங்கள் நீட் எஸ்.எஸ். எழுதுவீர்கள். கவுன்சலிங்கில் எம்.சிஎச். இடங்களுக்கு முன்னுரிமைப் பட்டியல் போடுவீர்கள். யூரோவா, சர்ஜிக்கல் கேஸ்ட்ரோவா, ஆன்கோவா, பிளாஸ்டிக்கா என்ற பேச்சு ஹாஸ்டலில் இப்போதே ஓடிக்கொண்டிருக்கும். ஏன் அந்தத் துறை என்று யாராவது கேட்டால் பதில் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லாக வரும்: ‘இன்ட்ரஸ்ட்’. அந்த இன்ட்ரஸ்ட் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியதே இந்த மடல். விருப்பம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பழக்கம். எந்த யூனிட்டில் போட்டார்கள், எந்த சீஃப் கையில் கத்தியைக் கொடுத்தார், எந்த நோயாளி வார்டில் தங்கினார், எந்த நோயாளி வந்த ஆம்புலன்ஸிலேயே திரும்பிப் போனார் என்பதெல்லாம் சேர்ந்து மூன்றாண்டில் உங்களுக்காக ஒரு முடிவை எடுத்துவைத்துவிடுகின்றன. உங்கள் கண்ணில் படாமல் போனவற்றுக்கு மருத்துவமனையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. வேறிடத்துக்கு ரெஃபர் செய்த நோயாளிகளின் பதிவேடுதான் அது. பட்டியல் போடுமுன் அதைப் புரட்டிப் பாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

மருத்துவர்கள் துறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று உலகெங்கும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2003-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியான டார்சி குழுவின் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அங்குள்ள மாணவர்களின் விருப்பம் சில ஆண்டுகளில் ஏன் இடம் மாறியது என்று பார்த்தபோது, தன் நேரம் தன் கையில் இருக்கும் வாழ்க்கை என்ற ஒரே காரணம் அந்த மாற்றத்தில் பாதிக்கு மேல் விளக்கியது. வருமானமும் பயிற்சிக் காலமும் அதற்குப் பின்னால்தான் வந்தன. அறுவை மருத்துவத்தை மட்டும் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் இன்னொன்றும் திரும்பத் திரும்ப வருகிறது: முன்மாதிரியாக நின்ற ஆசிரியர், அந்தத் துறையில் நேரடியாகக் கைவைக்கக் கிடைத்த வாய்ப்பு. நம் நாட்டில் இதை அறிய ஆய்வுகூட வேண்டாம், கவுன்சலிங் முடிவுகள் போதும். யூரோவும் சர்ஜிக்கல் கேஸ்ட்ரோவும் முதல் சுற்றுகளிலேயே நிரம்புகின்றன. குழந்தைகள் அறுவை சிகிச்சையும் இதய–நெஞ்சக அறுவை சிகிச்சையும் ஆண்டுதோறும் ஆள் தேடுகின்றன. 2022-ல் நாடு முழுவதும் 900-க்கும் மேற்பட்ட உயர் சிறப்பு இடங்கள் காலியாகக் கிடந்து, தகுதி மதிப்பெண்ணைக் குறைத்துச் சிறப்புச் சுற்று நடத்த வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கானோர் தனித்தனியே யோசித்து எடுத்த சொந்த முடிவுகள் என்றால் எல்லாரும் ஏன் ஒரே வரிசையில் போய் நிற்க வேண்டும்? முந்தைய ஆண்டின் ரேங்க் பட்டியல் அடுத்த ஆண்டுக்காரர்களின் விருப்பமாக மாறுகிறது என்பதுதான் விஷயம்.

சரி, இந்த மாவட்டத்துக்கு என்ன தேவை? 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 26 லட்சம். 2015-ல் வெளியான லான்செட் உலக அறுவை சிகிச்சை ஆணையத்தின் அறிக்கை, ஒரு லட்சம் பேருக்கு அறுவை, மயக்கவியல், மகப்பேறு மூன்று துறைகளிலும் சேர்த்து 20 நிபுணர்களும் ஆண்டுக்கு 5,000 அறுவை சிகிச்சைகளும் வேண்டும் என்றது. இந்த மாவட்டத்துக்கு அதைப் பெருக்கினால் சுமார் 520 நிபுணர்கள், 1,30,000 அறுவை சிகிச்சைகள். ஒரு மருத்துவமனையின் தரத்துக்கு அந்த ஆணையம் வைத்த அளவுகோலோ மூன்றே மூன்று: வயிற்றைத் திறந்து செய்யும் அவசர அறுவை, சிசேரியன், திறந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை. இரண்டு மணி நேரத்துக்குள் இவை கிடைக்க வேண்டும். இந்தப் பட்டியலில் ரோபோ இல்லை. குடல் ஓட்டையை நள்ளிரவில் தைக்கத் தெரிந்த பொது அறுவை மருத்துவர் இருக்கிறார். ஆகவே எம்.சிஎச்.சே வேண்டாம், எம்.எஸ்.ஸோடு நின்று விருத்தாசலத்திலோ காட்டுமன்னார்கோயிலிலோ தியேட்டரை நடத்துகிறேன் என்று உங்களில் ஒருவர் முடிவெடுத்தால், அவரைப் பார்த்து ‘சீட் கிடைக்கல போல’ என்று நினைப்பவர்களுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை.

பொது அறுவை மருத்துவரால் முடியாதவையும் உண்டு. அவைதான் பதிவேட்டில் ஏறுகின்றன. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது ஆறு தொழிலாளர்கள் அங்கேயே இறந்தார்கள். தீக்காயம் பட்டவர்கள் வெளியூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களிலும் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். அதற்கு முன் மே மாதத்திலும் அதே நிலையத்தில் ஒரு வெடிப்பு நடந்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். சிப்காட்டின் ரசாயன ஆலைகள், நெய்வேலியின் கொதிகலன்கள், ஊர்ப்புறத்துப் பட்டாசுக் கொட்டகைகள் என்று மூன்றும் உள்ள மாவட்டம் இது. இங்கே படிக்கும் ஒருவர் பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் மூக்கையும் முடியையும் நினைக்கிறார் என்றால், தீக்காயக்காரர் அவருடைய வார்டில் தோல் ஒட்டுக்கும் சுருங்கிய கழுத்தை விடுவிக்கும் அறுவைக்கும் திரும்பத் திரும்ப வந்து படுக்கவில்லை என்பதே காரணம். பிறவியிலேயே ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தை ஏறத்தாழ 5,000 பிறப்பில் ஒன்று. முதல் ஓரிரு நாளுக்குள் கையில் எடுக்க வேண்டிய கேஸ். அந்தக் குழந்தையின் தகப்பனாரிடம் கேட்டால் ‘பாண்டிக்கு எழுதிட்டாங்க’ என்பார். அத்துடன் இங்கே அந்தக் கதை முடிந்தது. பாண்டி ஜிப்மரில் என்ன செய்தார்கள், தற்காலிகமாக வைத்த மலப்பை எப்போது எடுக்கப்பட்டது, ஆறு மாதம் கழித்துக் குழந்தை எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் பார்ப்பதேயில்லை. பார்க்காத ஒன்றின்மேல் ஆசை எப்படி வரும்? குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு இடம் காலி என்றால் மாணவர்களுக்கு மனசில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குழந்தை சிரிப்பதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பது என் கணிப்பு.

இதற்கு நேர்மாறாக, வேண்டுமட்டும் பார்த்தும் கண்ணில் படாத ஒன்றும் உங்கள் வார்டிலேயே இருக்கிறது: டயபெடிக் ஃபுட். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வு தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கும், உங்களை ஒட்டிய புதுச்சேரியில் 26.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு என்றது. அந்த எண் வார்டுக்குள் எப்படி வருகிறது என்று முதலாண்டு பி.ஜி.யைக் கேட்டால் தெரியும். வரப்பில் வெறுங்காலோடு நடந்தவர். முள்ளோ ஆணியோ குத்தியது தெரியாது, ஏனென்றால் பாதத்தில் உணர்ச்சி போய் வருஷங்கள் ஆகின்றன. பெருவிரல் அடியில் காய்ப்பு. காய்ப்புக்குக் கீழே சீழ். கட்டைப் பிரித்தால் வரும் வாடை பக்கத்துக் கட்டில்காரரை முகம் திருப்பவைக்கும். ஆய்வுக்கம்பியை விட்டால் எலும்பில் ‘டக்’கென்று தட்டும். அழுகிய சதையை வெட்டி, சலைனில் கழுவி, கட்டி, மறுநாள் மறுபடி. பத்து நாளில் ஒரு விரல், இரண்டு மாதத்தில் இன்னொன்று, கடைசியில் முழங்காலுக்குக் கீழே. லாக் புக்கில் எண்ணிக்கை ஏறுகிறது, சுவாரசியம் ஏறுவதில்லை. சீஃப் பெரும்பாலும் ரவுண்ட்ஸில் அந்தக் கட்டிலைக் கடந்துபோய்விடுவார். வேலை முழுவதும் ஜூனியர் தலையில். இதில் ஒருவருக்கு ஆர்வம் வரவில்லை என்றால் குறை நோயிடம் இல்லை. அதை யாரும் ஒரு துறையாகக் காட்டவில்லை. ரத்தக்குழாய் அடைப்பைத் திறப்பது, நரம்பு செத்த காலில் எலும்புகள் நொறுங்குவதைத் தடுப்பது, அழுத்தத்தைப் பிரித்துக்கொடுக்கும் மாவுக்கட்டு, செருப்பின் வடிவம் என்று அத்தனை நுணுக்கமும் உள்ள வேலை, ‘டிரஸ்ஸிங்’ என்ற ஒரு பெயரில் அடங்கிப்போயிற்று.

இதே மண்ணில் இப்படி ஒதுக்கப்பட்ட ஒரு வேலை துறையாக மாறிய வரலாறு உண்டு. கொல்லிமலையில் பிறந்து லண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனுடன் நோயாளிகளைச் சுற்றிப் பார்த்தபோது ஒருவருடைய மடங்கிய கையைப் பிடித்தார். செயலற்றது என்று நினைத்த அந்தக் கை அவர் கையை இறுக்கிப் பிடித்தது. சில தசைகள் செத்தும் சில நல்ல வலுவோடும் இருக்கின்றன என்று பிராண்டுக்கு அப்போது புரிந்தது. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது, அறுத்தால் ஆறாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. எலும்பு அறுவை மருத்துவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. நல்ல தசையின் தசைநாணை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவையைப் பிராண்ட் வேலூரில் செய்து காட்டினார். உணர்ச்சி போன கைகால்கள் அன்றாட அடியாலும் அழுத்தத்தாலுமே சிதைகின்றன என்பதையும் நிறுவினார். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவத்தை இந்தியாவில் ஒரு துறையாக ஊன்றினார். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட் அதே அறிவை நீரிழிவுப் பாதத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முழுத்தொடு மாவுக்கட்டு பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று சிதம்பரத்தில் ஒரு நோயாளிக்கு நீங்கள் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தால், தொழுநோயாளிகளுக்காகப் புழக்கத்துக்கு வந்த செருப்பைத்தான் எழுதுகிறீர்கள். பிராண்ட் தேர்ந்தெடுத்தபோது எந்தப் பட்டியலிலும் அந்தத் துறை இல்லை, ரேங்கும் இல்லை. வாசலில் நின்ற நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

‘பிராண்ட் மிஷனரி ஐயா, எங்களுக்குக் குடும்பம் இருக்கிறது’ என்பீர்கள். நியாயம். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சிஎச்., நடுவில் நுழைவுத்தேர்வுக்கு உட்கார்ந்த வருடங்கள், பிறகு ஒப்பந்தப் பணி என்று முப்பது வயதைத் தாண்டித்தான் ஒருவர் கையில் நிலையான சம்பளம் வருகிறது. வருமானத்தை யோசிப்பது பாவமில்லை. ஆனால் வருமானத்தை வைத்துப் பார்த்தாலும் இன்றைய மவுசு நம்பத்தக்க வழிகாட்டி இல்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவின் எந்த அறுவை வார்டிலும் அன்றாட கேஸ் சிறுகுடல் புண், வேகாட்டமியும் ஜி.ஜே.யும் நன்றாகச் செய்பவர்தான் ஊரில் பெரிய சர்ஜன். எழுபதுகளின் பிற்பகுதியில் சிமெட்டிடின் வந்தது, பிறகு ஒமெப்ரசோல். 1982-ல் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டறிந்ததும், புண் மாத்திரையில் ஆறும் நோயாகிவிட்டது. ஒரு தலைமுறையின் கைவித்தை பெருமளவு வேலையற்றுப் போயிற்று. பைபாஸ் அறுவையின் உச்சத்தில் இதய அறுவைத் துறைக்குப் போனவர்களுக்கு ஸ்டென்ட் அதையே செய்தது. இன்று அந்த இடங்கள் காலியாகக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முப்பது வருடம் கத்தி பிடிக்கப்போகிறவர் இந்த வருடக் கட்டண விகிதத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார். ஆனால் நீரிழிவும் தீக்காயமும் சாலை விபத்தும் பிறவிக் குறையும் அடுத்த முப்பது வருடத்தில் இந்த மாவட்டத்தை விட்டுப் போகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடன் என்ற காரணமும் உங்கள் வளாகத்தில் சற்று மாறியிருக்கிறது. அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு இங்கே வாங்கப்பட்டதை எதிர்த்து உங்கள் சீனியர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் வந்து, அரசுக் கல்லூரிக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கட்டியவர்களுக்குத் துறைத் தேர்வு என்பது கடன் அடைக்கும் வழியாகத்தான் இருந்திருக்கும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. உங்களுக்கு அந்தச் சுமை இல்லை, அல்லது மிகக் குறைவு. அரசு வேலையிலிருந்து வந்த சர்வீஸ் பி.ஜி.களுக்குக் கூடுதலாக ஒன்று: அரசு மருத்துவர்களுக்கு மாநிலங்கள் ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது, எம்.சிஎச்., டி.எம். இடங்களில் தமிழ்நாடு கொண்டுவந்த 50 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு 2022 மார்ச்சில் அனுமதியும் கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் ஊரின் நோயை அறிவார், திரும்பவும் அங்கே போவார் என்பதுதான் அந்த ஒதுக்கீட்டுக்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தைச் சொல்லி இடம் வாங்கியவர் சென்னையின் மவுசை மட்டும் பார்த்துத் துறை எடுத்தால், அடுத்த வழக்கில் அரசு வக்கீல் எதைச் சொல்லி வாதாடுவார்?

எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் வேறு. குழந்தைகள் அறுவை படித்துவிட்டு இங்கே வந்தால் பச்சிளங்குழந்தைக்கு மயக்கம் கொடுக்கப் பழகிய மயக்க மருத்துவர் எங்கே, வென்டிலேட்டர் எங்கே, அனுபவமுள்ள நர்ஸ் எங்கே, முதலில் அந்தப் பணியிடமே எங்கே என்று கேட்பீர்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். தனி ஆளாக ஒரு சூப்பர் ஸ்பெஷலிஸ்ட்டைக் கொண்டுவந்து ஹெர்னியா செய்யவைப்பது அவருடைய படிப்பை வீணடிப்பது. படிப்பு முடித்தவர் அரசுக்குக் கட்டாயமாகப் பார்க்க வேண்டிய ஒப்பந்தப் பணி செல்லும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தால் ஆளைப் பிடித்துவைக்கலாம், துறையை உண்டாக்க முடியாது. பணியிடம் உருவாக்குவது அரசின் கடமை. அதை உங்கள் தோளில் ஏற்ற நான் வரவில்லை. ஆனால் பணியிடம் கேட்டு எழுதும் கோப்பில் என்ன இருக்கும்? ‘தேவை இருக்கிறது’ என்ற வாக்கியம் எந்த நிதித்துறை மேசையிலும் நிற்காது. ஓராண்டில் இத்தனை குழந்தைகள், இத்தனை தீக்காயங்கள், இத்தனை ரத்தக்குழாய் அடைப்புகள் வெளியே அனுப்பப்பட்டன, அவர்களில் இத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற அட்டவணை நிற்கும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் என்றபோது, பணம் என்ற தடை ஒன்று விலகியது. ஆளும் குழுவும் இல்லை என்ற தடை அப்படியே இருக்கிறது. அதைக் கணக்கோடு காட்டக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

பெண் பி.ஜி.களுக்குத் தனியாக ஒன்று. எம்.பி.பி.எஸ். வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். அறுவைத் துறையில் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது. ‘பொம்பளைப் பிள்ளைக்கு ஓ.ஜி. போதாதா, ஸ்கின் எடும்மா’ என்ற அறிவுரை வீட்டிலும் கிடைக்கும், சில யூனிட்களிலும் கிடைக்கும். ஒருவருடைய விருப்பத்தை மற்றவர்கள் எழுதிவைப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் பெண்களிடம் இன்று அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். கட்டியையும் மூலத்தையும் பௌத்திரத்தையும் ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்கள் பரங்கிப்பேட்டையிலும் உண்டு, பண்ருட்டியிலும் உண்டு. அவர்கள் ரெஃபரல் பதிவேட்டில்கூட வரமாட்டார்கள். வந்தால்தானே ரெஃபர் செய்ய.

கடைசியாக நடைமுறைக்கு வருகிறேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். பலருக்கு அது தியேட்டரைவிட்டு விலகி நீட் எஸ்.எஸ்.ஸுக்குப் படிக்கும் காலம். பயிற்சிக் காலத்தில் ஊர்ப்புற மருத்துவமனையைப் பார்த்தவர்கள் பின்னாளில் அங்கே நிலைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது உலக சுகாதார நிறுவனம் 2010-ல் தன் பரிந்துரைகளிலேயே எழுதியது. அந்த மூன்று மாதத்தில் கேஷுவால்டியில் இருந்து வெளியே போகும் சீட்டுகளைப் பாருங்கள். அதோடு, உங்களில் ஒவ்வொருவரும் ஒரு தீசிஸ் எழுதியாக வேண்டும். ஹெர்னியாவுக்கு எந்த வலை நல்லது என்று நூறு கல்லூரிகளில் எழுதியாயிற்று. அண்ணாமலை நகரில் இருந்தும் கடலூரில் இருந்தும் ஓராண்டில் வெளியே அனுப்பப்பட்ட அறுவை நோயாளிகள் யார், எதற்காக, எங்கே, எத்தனை மணி நேரத்தில், பிறகு என்ன ஆனார்கள் என்று இருவர் மூவர் பிரித்துக்கொண்டு எழுதலாம். போன் செய்தால் நோயாளி வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள்; புதுச்சேரியில் விசாரிக்க ஒரு பஸ் பயணம் போதும். தலைப்பு முதலாண்டிலேயே நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதால், இதை முதலாண்டுக்காரர்கள் முதலில் படித்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்து நோயாளிகள் பக்கத்திலிருந்து ஒருவர்